பதினாலாம் நம்பருக்கு ஸ்கோர்

ஜன்னல் பக்கம் நீயே உக்காந்துக்கோம்மா. பஸ்ஸுல எனக்கு எதிர்க்காத்து ஒத்துக்காது.

போன்ல என்ன, டெஸ்ட் மேட்ச்சா? பரவால்லியே. இப்ப உள்ள புள்ளைங்க இருவது ஓவருக்கு மேல எதையும் பாக்க மாட்டாங்கன்னுல்லா நெனச்சேன். யாரு ஆடுதா? ஏன் இப்பிடி முட்டு முட்டுன்னு முட்டிக்கிட்டு நிக்கான்? நாப்பது பந்துக்கு ஆறு ரன்னா. சரி, அவன் பாடு.

பாகேல்னு ஒருத்தன் ஆடுனான், ஜெய்தேவ் பாகேல். நீ கேள்விப்பட்டிருக்க மாட்ட. உங்க அப்பாவுக்கே தெரியுமோ என்னமோ. மொத்தம் பதினோரு டெஸ்ட்தான் ஆடுனான். அதுக்குள்ள தூக்கிட்டாங்க. பொறுப்பு இல்லையாம். மொத ஓவர், மொத பந்து, பந்து புதுசா மினுங்கிக்கிட்டு வரும், மத்தவன்லாம் பேட்ட ஒளிச்சு வச்சுக்கிட்டு விட்டுருவான். இவன் ஒரு காலத் தூக்கி முன்னால வச்சு அடிப்பான். பட்டா நாலு, இல்லன்னா அவுட்டு. அஞ்சு நாள் ஆட்டம்னு அவனுக்கு யாரும் சொல்லித் தரவே இல்ல போலருக்கு.

தென்காசி போய்ச்சேர ஒண்ணரை மணி நேரம் ஆவும்லா. உனக்கு வேற சோலி இல்லன்னா சொல்லுதேன்.

நான் டெலிபோன் ஆபீஸ்ல ஆபரேட்டரா இருந்தேன். சுந்தரப்பேரின்னு மலையடிவாரத்துல ஒரு ஊரு. அப்பல்லாம் இந்த மாதிரி நம்பரத் தட்டுனா அங்க மணி அடிக்காது. வீட்டுல போன எடுத்துக் கைப்பிடியச் சுத்தணும். இங்க எங்க போர்டுல அந்த வீட்டு நம்பருக்கு நேரா ஒரு சின்ன மூடி டப்புன்னு விழும். நான் வயரச் சொருகி, 'நம்பர் சொல்லுங்க'ம்பேன். சொன்னா, இன்னொரு வயர எடுத்து அந்த நம்பர்ல சொருகி மணி அடிப்பேன். மொத்தம் நாப்பத்தி மூணு நம்பர். எந்த மூடி விழுந்தாலும் யாரு, எதுக்கு, எவ்வளவு நேரம் பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை கூடப் பேசக்கூடாது. நம்ம பேரக்கூடச் சொல்லக்கூடாது. ரூல் அப்பிடி. நான் ரூல மீறுத ஆளு இல்ல.

எனக்கு அப்ப இருவத்தொம்பது வயசு. அண்ணன் வீட்டுல இருந்தேன். அண்ணன், மைனி, அவங்களுக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க. காலையில எட்டு மணிக்குப் போனா நாலு மணிக்கு வருவேன். அதுக்கு நடுவுல பேசுன வார்த்தைய எண்ணுனா, 'நம்பர் சொல்லுங்க', 'லைன் பிஸி', 'மூணு நிமிசம் ஆயிட்டு'. இவ்வளவுதான்.

எங்க லைன்மேன் ஒருத்தர் இருந்தாரு, பிச்சுமணின்னு. அவரு கிரிக்கெட்டுப் பைத்தியம். கம்பத்துல ஏறப் போறப்ப டிரான்சிஸ்டர என் போர்டு பக்கத்துல வச்சுட்டுப் போவாரு, வந்து ஸ்கோர் கேக்கதுக்கு. அப்பிடித்தான் நான் கேக்க ஆரம்பிச்சேன். கொஞ்ச நேரம் இங்கிலீஷ்ல சொல்லுவான், கொஞ்ச நேரம் இந்தியில சொல்லுவான். இங்கிலீஷ் எனக்கு ஓரளவுக்குப் புரியும். இந்தி வந்தா, கூட்டம் போடுத சத்தத்த வச்சுக் கணக்குப் பண்ணிக்கிடுவேன். 'சௌக்கா'ன்னா நாலு. அது ஒண்ணு தெரியும்.

பதினாலாம் நம்பர் மலை மேல ஒரு டீ எஸ்டேட்டு. அங்க சற்குணம்னு ஒருத்தரு ஆபீஸ் மேனேஜரா இருந்தாரு. மலைக்குள்ள ரேடியோ எடுக்காதாம், வெறும் இரைச்சல்தானாம். அந்த வருசம் இங்கிலாந்துக்காரன் வந்திருந்தான். ஆறு டெஸ்ட்டு. மொத டெஸ்ட் அன்னைக்கி பதினாலு விழுந்துச்சு. சொருகுனேன். 'நம்பர் சொல்லுங்க'ன்னேன்.

"நம்பர் ஒண்ணும் வேண்டாம்மா. ஸ்கோர் தெரியுமா?"

"இது ஸ்கோர் சொல்லுத எடம் இல்ல சார்."

"தெரியும்மா. தப்புத்தான்." வச்சுட்டாரு.

அந்த 'தப்புத்தான்'ங்கது ஒரு மாதிரி இருந்துச்சு. யாரும் எங்ககிட்ட அப்பிடிச் சொல்ல மாட்டாங்க. லைன் கெடைக்கலன்னா திட்டுவாங்க, கெடைச்சா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

மறுநாள் நம்ம பேட்டிங். பாகேல் ஓப்பனிங். அதுக்கு முன்னால அவன் பேரயே நான் கேட்டதில்ல. மொத பந்து, சௌக்கா. ரெண்டாவது பந்து, சௌக்கா. மூணாவது பந்துக்கும் ரேடியோக்காரன் சௌக்கான்னு கத்துதான், கூட்டம் கத்துது. நானே பதினாலுக்கு வயரச் சொருகி மணி அடிச்சேன். அவரு எடுத்தாரு.

"சார், பாகேல். மூணு பந்துல பன்னெண்டு."

பொறவு கேட்டாரு, "யாரும்மா அது, பாகக்காயா?"

எனக்குச் சிரிப்பு வந்திட்டு. ஆபீஸ்ல நான் சிரிச்சது அன்னைக்கித்தான்னு எங்க சூப்பர்வைசர் தங்கராணியக்கா பின்னால ஒரு நாள் சொன்னா.

அதுலருந்து ஸ்கோர் கேக்கதும் சொல்லுததும் வழக்கமாயிட்டு. டிரிங்ஸ், லஞ்ச், டீ, ஆட்டம் முடிஞ்ச பொறவு. ஒரு நாளைக்கி நாலு தடவ. அதுக்கு மேல இல்ல. தப்பா ஒண்ணும் நெனைக்காத, அவரு ஸ்கோர் கேக்க ஆளு, நான் சொல்லுத ஆளு, அவ்வளவுதான். ரெண்டாவது டெஸ்ட்டுல ஒரு நாள், 'ஸ்கோர் சொல்லுத ஆளு பேரு தெரியாண்டாமா'ன்னு கேட்டாரு. ரூபவதின்னு சொன்னேன். பேருதான, சொன்னா என்ன.

ஆனா பாகேல அவருக்குப் பிடிக்காது. "டெஸ்ட்னா நின்னு ஆடணும்மா. இவன் என்ன, பஸ்ஸப் பிடிக்கப் போற மாதிரி ஆடுதான்"ம்பாரு.

"நின்னு ஆடத்தான் ஊருபட்ட ஆளு இருக்காங்களே சார்."

"நிக்கதுக்கும் ஒரு தைரியம் வேணும்லா."

"அது தைரியம் இல்ல சார், பயம். அவுட்டாயிருவோம்ங்க பயம்."

அப்பிடிப் பேசுவேன் நான். ஆமா, நான்தான். அண்ணன் முன்னால நின்னு பேச மாட்டேன், ஆபீஸ்ல வாயத் தொறக்க மாட்டேன். பாகேல ஒரு வார்த்தை சொன்னா மட்டும் எங்கருந்து வருமோ தெரியல.

அவரு மலையில நடக்கதச் சொல்லுவாரு. மூணு மணிக்கே மூட்டம் எறங்கிரும், எதுக்க நிக்க ஆளு தெரியாது, காலுல அட்டை ஏறும்னு. ஆபீஸ் குவார்ட்டர்ஸ்ல அவரு தனியாத்தான் இருந்தாரு. சம்சாரம் வந்து ஏழு மாசத்துலயே மஞ்சக்காமாலையில போயிட்டாளாம், ரொம்ப வருசத்துக்கு முன்னால. அத ஒரே ஒரு தடவதான் சொன்னாரு, அதுவும் டீ இடைவேளையில. பொறவு, "நீங்க நாலுன்னு சொல்லுதப்ப பந்து எங்க எஸ்டேட் வரைக்கும் உருண்டு வார மாதிரி இருக்கும்மா"ன்னாரு. நான் ஸ்கோரத் தெளிவாச் சொல்லுவேன், அதச் சொல்லுதாரு.

நாலாவது டெஸ்ட்டுல பாகேல் தொண்ணூத்தெட்டு. இன்னும் ரெண்டே ரன். மத்தவனா இருந்தா தட்டித் தட்டி எடுத்திருப்பான். இவன் எறங்கி வந்து தூக்கி அடிச்சான், எல்லையில நின்னவன் பிடிச்சுட்டான். எனக்கு அழுகையே வந்திட்டு.

"பாத்தீங்களா, பொறுமையா ரெண்டு ஒத்த ரன் எடுத்திருக்கலாம்லா"ன்னாரு சற்குணம் சார்.

"அப்பிடி எடுத்தா அது பாகேல் இல்ல சார், வேற ஆளு."

"நூறு போச்சேம்மா."

"போனாப் போகுது சார். அடிக்கணும்னு தோணுச்சு, அடிச்சான். அடிக்காம இருந்திட்டு, பொறவு ஆயுசு பூரா நெனச்சுக்கிட்டு இருக்கதுக்கு இது மேல் இல்லையா?"

அவரு போன வைக்கல. ரொம்ப நேரம் லைன்லயே இருந்தாரு. நான்தான் வயர எடுத்துவிட்டேன், ஆஸ்பத்திரி மூடி விழுந்துச்சுன்னு.

கடைசி டெஸ்ட்டு மெட்ராஸ்ல, பொங்கலுக்கு. அதுக்கு ரெண்டு வாரம் முன்னால, மேட்ச்சே இல்லாத அன்னைக்கி, பதினாலு விழுந்துச்சு.

"ரூபவதி, நான் மெட்ராஸ் போலாம்னு இருக்கேன். எங்க அக்கா மாம்பலத்துல இருக்கா. புருசன், புள்ளைங்க, மாமியான்னு வீடு நெறைய ஆளு. நீங்களும் வந்தா அங்க தங்கிக்கிடலாம். ரெண்டு டிக்கெட் சொல்லி வச்சிருக்கேன்."

எனக்குக் காதெல்லாம் சூடாயிட்டு. அந்நேரம் பாத்து அரிசி மில்லு மூடி விழுந்துச்சு. அவங்களுக்கு லைன் போட்டுக் குடுத்துட்டு வந்து பாத்தா, அவரு அப்பிடியே இருக்காரு.

"பாகேல் ஆட்டத்தக் கண்ணால ஒரு தடவ பாத்திரணும்லா"ன்னாரு.

உண்மைதான். அது வரைக்கும் அவன் ஆடி நான் பாத்ததே இல்ல. காதால கேட்டதுதான். பேப்பர்ல ஒரு போட்டோ வந்துச்சு, அதுலயும் தொப்பி மறைச்சிருந்துச்சு.

"லீவு கேட்டுப் பாக்கேன் சார்."

"தென்காசி ஸ்டேஷன்ல சாயங்காலம் கொல்லம் மெயில். நான் முன்னாலயே வந்து நிப்பேன்."

"எனக்கு உங்களத் தெரியாதே சார்."

"எனக்குத் தெரியும்மா. நீங்க வாயத் தொறந்தாப் போதும்."

லீவுக்கு எழுதிக் குடுத்தேன். பாளையங்கோட்டையில சித்தி வீட்டுக்குப் போறேன்னு அண்ணங்கிட்டச் சொன்னேன். என் வாழ்க்கையில நான் சொன்ன பொய் அது ஒண்ணுதான். அரக்குக் கலர்ல ஒரு சேலை, ஊதாவுல ஒண்ணு, பெட்டியில எடுத்து வச்சேன். டிரிங்ஸ் இடைவேளையில பாகேல் எந்தப் பக்கம் திரும்பி நிப்பான்னு கூட யோசிச்சிருக்கேன்னா பாத்துக்கோ.

அந்த வாரம்தான் மெமோ வந்துச்சு. மேலாபீஸ்ல இருந்து நமக்குத் தெரியாம லைனக் கேப்பாங்க, ஆபரேட்டர் ஒழுங்காப் பேசுதாளான்னு. கேட்டிருக்காங்க. பதினாலாம் நம்பரோட இன்ன தேதி, இன்ன நேரம், ஆபீஸ் சம்பந்தமில்லாத பேச்சு, விளக்கம் குடுன்னு. தங்கராணியக்கா நல்லவ, அவதான் பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல எழுதச் சொன்னா. 'பதினாலாம் எண் சந்தாதாரர் அடிக்கடி அழைத்துத் தேவையற்ற கேள்விகள் கேட்டுப் பணிக்கு இடையூறு செய்துவந்தார். நான் பலமுறை மறுத்தும் அவர் நிறுத்தவில்லை.' என் கையெழுத்து குண்டு குண்டா நல்லாருக்கும். ஒரு அடிச்சல் திருத்தல் இல்லாம எழுதுனேன்.

அது பொய்யா? பொய் இல்லையேம்மா. மொத நாள் நான் மறுத்தேன்லா. 'பலமுறை'ங்கது மட்டும் அக்கா சேத்தது. வேற என்ன எழுத? எல்லாரும் அப்பிடித்தான் எழுதுவாங்க. வேலை போயிட்டா என்ன செய்ய?

லீவ வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். அவருகிட்டச் சொல்லியிருக்கலாம்தான். மெமோ வந்த பொறவு அந்த லைன்ல எப்பிடிப் பேச? அவருக்காத் தெரிஞ்சிரும்னு நெனச்சேன். மெயில் கெளம்புத நேரத்துக்கு நான் வீட்டுல அந்த ரெண்டு சேலையையும் மறுபடி பீரோவுல மடிச்சு வச்சுக்கிட்டு இருந்தேன். மைனி, 'சித்தி வீட்டுக்குப் போகலியா'ன்னா. 'லீவு கெடைக்கல'ன்னேன்.

மொத நாளு நம்ம பேட்டிங். மெட்ராஸ் மேட்ச்ங்கதால அன்னைக்கி தமிழ்ல சொன்னாங்க. மொத தடவையா எனக்கு எல்லா வார்த்தையும் புரிஞ்சுது. பாகேல் என்ன அடி அடிச்சான் தெரியுமா. லஞ்சுக்கு முன்னால நூறு. லஞ்சுக்கு முன்னாலம்மா. ரெண்டு பந்த ஸ்டேடியத்துக்கு வெளிய அடிச்சுட்டான், புதுப் பந்து தேடுனாங்க. நான் டிரான்சிஸ்டர மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். பதினாலாம் நம்பர் மூடி விழல. எப்பிடி விழும், அவருதான் அங்க உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காரே. தெரியும். தெரிஞ்சும் வயர எடுத்துச் சொருகிட்டேன். மணி அடிச்சேன். எஸ்டேட் வாட்ச்மேன் எடுத்தான்.

"சார் மெட்ராஸ் போயிருக்காரே."

"தெரியும். பாகேல் நூறுன்னு சொல்லுங்க."

"எந்த பாகேலு? டீத்தூள் வாங்குத கொல்லத்துக்காரரா? என்ன நூறு, நூறு மூட்டையா?"

"ஒண்ணுல்ல, வச்சிருங்க"ன்னுட்டேன்.

நூத்தி நாப்பத்தொண்ணுல அவுட்டானான். அதுவும் தூக்கி அடிச்சுத்தான்.

ஒரு வாரம் கழிச்சுப் பதினாலு விழுந்துச்சு. எனக்குச் சொருகவே கை வரல. சொருகுனேன். பின்னால தங்கராணியக்கா நிக்கா.

"பாத்தேன்மா"ன்னாரு. "நீங்க சொன்ன மாதிரிதான். அவுட்டாயிட்டுப் போறப்பக்கூட அவன் தலையத் தொங்கப் போடல. பேட்டத் தோளுல போட்டுக்கிட்டு, கல்யாண வீட்டுலருந்து போற மாதிரிப் போறான்."

நான் வயரப் பிடிச்ச கைய எடுக்கல.

"பக்கத்து சீட்டுல என் பையத்தான் வச்சிருந்தேன். ஸ்டேஷன்ல மெயில் கெளம்புத வரைக்கும் கீழதான் நின்னேன். எந்தப் பொம்பள பேசுனாலும் திரும்பிப் பாத்தேன். பரவால்ல ரூபவதி. கேட்டதுல எனக்கு வருத்தம் இல்ல. அத மட்டும் சொல்லிரலாம்னு தோணுச்சு."

தங்கராணியக்கா என் தோளத் தொட்டா. நான், "நம்பர் சொல்லுங்க சார்"ன்னேன்.

ஒரு மூச்சு விடுத சத்தம் கேட்டுச்சு. "கொல்லம் இருநூத்திப் பன்னெண்டு"ன்னாரு. போட்டுக் குடுத்தேன்.

அடுத்த வாரம் எஸ்டேட் முதலாளிக்கு ஆபீஸ்லருந்து எச்சரிக்கைக் கடுதாசி போயிட்டு. இனிமே இப்பிடி நடந்தா கனெக்ஷன எடுத்துருவோம்னு. என் விளக்கத்தையும் அதுல அப்பிடியே டைப் அடிச்சிருந்தாங்களாம், பிச்சுமணி சொன்னாரு. சற்குணம் சார் அதப் படிச்சிருப்பாரு. படிச்சுட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லாம்மா? 'ஏன் இப்பிடி எழுதுன'ன்னு ஒரு வார்த்தை. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன், நானா எழுதல, அக்கா சொன்னதுன்னு. கேக்கல. அதுதான் இன்னைக்கி வரைக்கும் எனக்கு மனத்தாங்கல். அவ்வளவு பேசுன மனுசன்.

அதுக்குப் பொறவு மூணு வருசம் அந்த மூடி தெனம் விழும். 'கொல்லம் இருநூத்திப் பன்னெண்டு.' 'தென்காசி நாப்பத்தாறு.' நான் போட்டுக் குடுப்பேன். அதுக்கு மேல ஒரு சொல்லு கெடையாது, அவரும் சரி, நானும் சரி.

பாகேல டீம்லருந்து எடுத்த அன்னைக்கி மட்டும் என்னால முடியல. மறு சீசன்ல ரெண்டு டெஸ்ட்டுல சீக்கிரம் அவுட்டானான், தூக்கிட்டாங்க. பேப்பர்ல ரெண்டே வரிதான் போட்டிருந்தான். பதினாலு விழுந்துச்சு, அவரு கொல்லம் கேட்டாரு. நான், "பாகேல எடுத்துட்டாங்க சார்"ன்னேன்.

"லைன் சரியாக் கேக்கலம்மா. கொல்லம் போடுங்க"ன்னாரு.

லைன் நல்லாத்தான் இருந்துச்சு. ஆபரேட்டர், எனக்குத் தெரியாதா?

அண்ணன் ஏழெட்டு மாப்பிள கொண்டாந்தான். நாசரேத்துலருந்து ஒரு வாத்தியாரு, நல்ல குடும்பம். காப்பிய ஆத்தி ஆத்திப் பத்து நிமிசமாக் குடிச்சாரு, டம்ளரக் கீழ வைக்க எடம் பாக்கவே இன்னும் ரெண்டு நிமிசம். எனக்குப் பிடிக்கல. இவ்வளவு யோசிக்க ஆளோட எப்பிடிம்மா காலம் தள்ள? பாகேல் மாதிரி ஒருத்தன் வந்து டக்குன்னு கேட்டிருந்தா நான் சரின்னிருப்பேன். அப்பிடி யாரும் வரல. என் ராசி. பொறவு அண்ணன் புள்ளைங்க கல்யாணம் ஆயிப் போயிட்டு, அண்ணனும் போயிட்டான், மைனி மக கூட மதுரையில இருக்கா. இப்ப நான் மட்டும்தான். வீட்டுல டிவி இருக்கு. மேட்ச் ஓடுச்சுன்னா யாராவது நாலு அடிச்ச ஒடன சத்தமாச் சொல்லுவேன், 'நாலு'ன்னு. தன்னால வந்திருது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாத்து, 'யாரு வந்திருக்கா'ன்னு கேப்பா.

அண்ணன் இருந்தப்பவே, அந்த மூணு வருசம் முடிஞ்சு, சுந்தரப்பேரிக்கு ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்சு வந்துச்சு. ஆபரேட்டர் தேவையில்ல, அவங்கவங்களே நம்பரச் சுத்திக்கிடலாம். எல்லாருக்கும் புது நம்பர். அந்த லிஸ்ட்ட எழுதுனது நான்தான், என் கையெழுத்துக்காகக் குடுத்தாங்க. பழைய பதினாலு, புது நம்பர் முந்நூத்திப் பதினாலு ஆயிட்டு. எனக்கும் வீட்டுக்கு ஒரு போன் குடுத்தாங்க, ஆபீஸ் ஆளுங்கதால. என்னைத் தென்காசிக்கு மாத்திட்டாங்க, வீட்டுலருந்தே தெனம் பஸ்ல போய் வந்தேன்.

புதுப் போன் வந்து நாலஞ்சு நாளு சும்மாத்தான் கெடந்துச்சு. யாருக்குப் போட? ஒரு ஞாயித்துக்கெழம, அண்ணன் வீட்டுல எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தாங்க. தலைவலின்னு நான் மட்டும் வீட்டுல இருந்தேன். கேக்கதுக்கு மேலாபீஸ் இல்ல, தங்கராணியக்கா இல்ல, நடுவுல எந்த ஆபரேட்டரும் இல்ல. முந்நூத்திப் பதினாலச் சுத்துனேன். அங்க மணி அடிக்கது எனக்குக் கேக்குது. நாலாவது மணியில எடுத்தாரு.

"ஹலோ."

அவருதான். நான் வாயத் தொறந்தாப் போதும், தெரிஞ்சிரும்.

"ஹலோ, யாரு?"ன்னாரு. மறுபடி, "யாரு பேசுதது?"ன்னாரு, மெதுவா.

வச்சிட்டேன்மா. என்னன்னு சொல்லிப் பேச? அன்னைக்கி மேட்ச் ஒண்ணும் இல்ல.